இரண்டரை விரல்

ஐசிபிங்கோ பிஸ்கட் ஆலையின் பயிற்சி அறையில்
என்னிடம் நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் இருந்தன.
பதினேழாவதில்தான் மாவு உருளை வரும்.
அதற்குள் பின்வரிசை உறங்கியிருக்கும்.
இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள்,
அந்தக் கண்களை நான் குறை சொல்லமாட்டேன்.

'காப்பு மூடியைத் திறக்குமுன்
மின்சாரத்தை நிறுத்தவும்.'
ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்வேன்,
என் அரைகுறை ஸூலுவில் ஒருமுறை.
தேர்வுத் தாளில் எல்லோரும்
சரியாகவே டிக் அடித்தார்கள்.
மறுநாள் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால்
மூடி திறந்து கிடக்கும்,
ஓடும் உருளைக்கு ஒரு சாண் தள்ளி
யாரோ வைத்த தேநீர்க் கோப்பை நடுங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு மார்ச் மாதம். லோட் ஷெடிங்.
ப்ரொஜெக்டர் கண்சிமிட்டிச் செத்தது.
இன்னும் இரண்டு மணி நேரம் கையில்.
வேறு வழி தெரியாமல்
'இங்கே ஓர் ஆள் இருந்தார்' என்று தொடங்கினேன்.

சனிக்கிழமை. ஈஸ்டர் ஆர்டர்.
எலுமிச்சை அளவு மாவு
ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது.
ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.
கை நீளுகிறது. விரலில் கல்யாண மோதிரம்...

நாற்காலியொன்று முன்னால் நகரும் ஓசை.
நொக்வாண்டா தன் மோதிரத்தைக் கழற்றிப்
பைக்குள் போட்டதை
அந்த அரை இருட்டிலும் பார்த்தேன்.

பிறகு மின்சாரம் இருந்த நாளிலும்
ப்ரொஜெக்டரை நான் போடவில்லை.
சொல்லச் சொல்லக் கதைக்குச் சதை வைத்தது.
மோதிரம் நான் சேர்த்தது.
அலறல் நான் சேர்த்தது.
'கொஞ்சம் அவசரக்காரர்' என்றேனே,
அதுவும்.

கான்டீனில் நான்கு விரலானது.
உம்லாஸி போகும் மினிபஸ்ஸில் முழங்கை வரை போனது.

ஆகஸ்டில் பூபாலன் வந்தார்.
வாசல் காவலர்,
லாரிகளுக்கு இடது கையால் கையெழுத்துப் போடுபவர்.
தொப்பியைக் கழற்றாமல் கதவருகே நின்றார்.
'நான் ஆஸ்பத்திரியில் செத்துப்போனதாகப்
புதுப் பையன் ஒருவன் என்னிடமே சொன்னான்.
ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிப்
புத்திமதி வேறு.'

சிரித்தேன். அவரும் சிரித்தார்.
அவர் முதலில் நிறுத்தினார்.

'மோதிரம் இல்லை, கோகிலம்.
கத்தவும் இல்லை, எனக்குக் குரலே வரவில்லை.
மூடியை நான் திறக்கவில்லை.
மூன்று வாரமாக அது சுவரில் சாய்ந்து கிடந்தது.
மாட்டினால் நிமிஷத்துக்கு
இருபது பாக்கெட் குறைகிறது என்று
ஒரு சூப்பர்வைசர் கழற்றச் சொன்னார்கள்.'

எந்த சூப்பர்வைசர் என்று அவர் சொல்லவில்லை.
என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.
மேஜைமேல் வலது கையை வைத்தார்,
கணக்குச் சீட்டு வைப்பதுபோல.
'இன்னொன்று. போனது இரண்டரை.
படிவத்தில் அரைக்குக் கட்டம் இல்லையென்று
இரண்டு என்று எழுதிவிட்டார்கள்.
சொல்வதாக இருந்தால் அந்த அரையையும் சொல்.'

நான்கு இரவுகள் ஸ்லைடுகளைத் திருத்துவதுபோல
உட்கார்ந்திருந்தேன். ஒன்றையும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை புது அணி. பதினாறு பேர்.
'இங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தாள்' என்றேன்.
தொண்டை அடைத்தது, தண்ணீர் குடித்தேன்,
மீண்டும் முதலிலிருந்து.
யாரும் மோதிரத்தைக் கழற்றவில்லை.
முன்வரிசைப் பெண் மட்டும் கேட்டாள்:
'அவள் கழற்றச் சொன்னபோது
வேண்டாமென்று சொல்ல ஒருவர்கூட இல்லையா?'
அறையே என்னை விட்டுவிட்டு
அவளைத் திரும்பிப் பார்த்தது.

போன வியாழன், பதினொன்று பத்துக்கு
இரண்டாம் லைன் நின்றது.
மேனேஜர் போனில் கத்துகிறார்:
'மூடி வராமல் ஓட்டமாட்டோம் என்கிறார்கள்,
இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?'
என் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன்.
அது முழுக்க உண்மையில்லை என்று தோன்றியது.

ஜன்னலுக்கு வெளியே, கேட்டில்,
உள்ளே வரும் மாவு லாரியை நோக்கி
பூபாலன் வலது கையை உயர்த்துகிறார்.
போனது இரண்டரை, இருப்பது இரண்டரை.
லாரி நிற்கிறது.